கேசட்டா, இசைத்தட்டா? ஒரே பாட்டை இரண்டிலும் போட்டுக் கேட்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் எங்கள் வீவக வீட்டு அலமாரியில் ஒரு கோங் குவான் பிஸ்கட் டின் இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதில் பிஸ்கட் இருந்ததில்லை. அப்பாவின் கேசட்டுகள்தான் இருந்தன. பாதி தேக்காவில் வாங்கியவை. மீதி, ஊருக்குப் போகும்போது திருச்சியில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, டிடிகே டி90 கேசட்டில் பதிந்து வாங்கி வந்தவை. சில வருடங்களுக்கு முன் அதே பாட்டுகளில் சில இசைத்தட்டாகவும் என் கைக்கு வந்தன. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ரெண்டுல எது நல்லா கேட்கும்?"

அதற்கு நீங்களே, உங்கள் வீட்டில், உங்கள் காதால் பதில் கண்டுபிடிக்கும் வழியை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "கேசட் சத்தம் மட்டம்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் கேட்டது டெக் எனப்படும் கேசட் கருவியின் குறையைத்தான்: நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு, தொய்ந்த பெல்ட், மாறிப்போன ஹெட்டின் சாய்வு. "இசைத்தட்டு என்றாலே கரகரப்பு" என்கிறவர்கள் கேட்டது தூசியையும் தேய்ந்த ஊசியையும். முதலில் இரண்டு கருவிகளையும் அதனதன் நல்ல நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒப்பிடுவது அதற்குப் பிறகுதான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் ஆயத்த வேலைதான். பொறுமையாக வாருங்கள்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன

இசைத்தட்டில் பாட்டு ஒரு பள்ளமாக வெட்டப்பட்டிருக்கிறது. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருளாகப் போகும் ஒரே பள்ளம். வைர முனை வைத்த ஊசி அதில் ஓடும்போது அசைகிறது. அந்த அசைவைக் காட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது. 1948ல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் பெரிய தட்டான எல்பிதான் இன்றும் கடைகளில் கிடைப்பது. கேசட்டை 1963ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்தியது. அதில் பாட்டு காந்தப் பதிவாக இருக்கிறது. நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் ஏ பக்கத்துக்கு இரண்டு தடம், பி பக்கத்துக்கு இரண்டு தடம். ஒரு தடத்துக்குக் கிடைப்பது சுமார் 0.6 மில்லிமீட்டர்.

இப்போது வேகத்தைப் பாருங்கள். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. எல்பியின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. பத்து மடங்கு! அவ்வளவு இடம் கிடைப்பதால்தான் சலங்கை, ஜால்ரா போன்ற மெல்லிய உயர் ஒலிகள் தட்டில் நெருக்கடி இல்லாமல் உட்கார்கின்றன. ஆனால் தட்டு எப்போதும் ஒரே சுற்று வேகத்தில் சுற்றுவதால், நடுவை நெருங்க நெருங்க வட்டம் சிறுத்து, கடைசிப் பாட்டுக்கு வரும்போது அந்த 50 சென்டிமீட்டர் 20 அளவுக்கு இறங்கிவிடும். கேசட்டில் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் அதே 4.76தான். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கருவி வாங்குவது

தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் டர்ன்டேபிளுக்கு, சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்துக்கு ஒரு மாலை போய் வாருங்கள். ஆடியோ கடைகள் வரிசையாக இருக்கும் இடம். உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு தட்டைக் கையோடு கொண்டுபோய், போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாங்கினால்தான் கேட்க வேண்டும் என்று கூச்சப்படாதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆடியோ-டெக்னிக்கா எல்பி60எக்ஸ் போன்ற தானியங்கி டர்ன்டேபிள் வசதியானது. பெட்டியைத் திறந்து பெல்ட்டை மாட்டினால் பாடும், ஊசியிலிருந்து வரும் சன்னமான மின்சாரத்தைப் பெரிதாக்கும் போனோ ப்ரீஆம்ப்பும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதில் ஊசியின் எடையை, அதாவது ஊசி தட்டை அழுத்தும் அளவை, திருத்த முடியாது. ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், ஊசி தாங்கும் கையின் பின்னால் எடைக்கல் உள்ள, காட்ரிட்ஜை மாற்றக்கூடிய டர்ன்டேபிளுக்கு இன்னும் கொஞ்சம் காசு சேர்த்துப் போகச் சொல்வேன். சூட்கேஸ் மாதிரி மூடி, உள்ளேயே சின்ன ஸ்பீக்கரோடு வருகிற மலிவு வகை இதற்கு உதவாது. ஊசி கனமாக அழுத்தும், ஸ்பீக்கர் அதிர்வு ஊசிக்கே திரும்பப் போகும்.

கேசட் பக்கம் வேறு கதை. பியோ சிபி13, வீ ஆர் ரீவைண்ட் போன்ற புதிய கையடக்கக் கருவிகள் வந்திருக்கின்றன. நடந்துகொண்டே கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பழைய நல்ல டெக்குகளில் இருந்த, இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி அவற்றில் இல்லை. வீட்டில் ஒப்பிட, 1980களிலோ 90களிலோ செய்த சோனி, டெக்னிக்ஸ், யமஹா, பயனியர் போன்ற பழைய டெக் ஒன்றை வாங்குவதே நல்லது. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலை 10ல் மூடப்பட்ட பிறகு நான் தேடுவது கேரோசல் இணையச் சந்தையில்தான். மூன்று ஹெட் உள்ள டெக் அகப்பட்டால் விடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மின்சார விவரம். நம்முடைய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கருவி 100 வோல்ட்டில் ஓடுவது. அப்படியே செருகினால் புகைதான். அதற்கு மின்சாரத்தை இறக்கிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அப்புறம், ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோய் ப்ளே, ஃபாஸ்ட் ஃபார்வர்டு, ரீவைண்ட் மூன்றையும் முழுதாக ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா? பதிவு செய்து திரும்பப் போட்டால் பாடுகிறதா?

நான் முதலில் வாங்கிய டெக்குக்கு 80 வெள்ளி கொடுத்தேன். விற்றவர் விளக்கு எரிவதை மட்டும் காட்டினார், நானும் தலையாட்டி வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் திறந்தால் பெல்ட் உருகித் தார் மாதிரி கப்பியோடு ஒட்டிக்கிடந்தது. அதைச் சுரண்டித் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. புது பெல்ட் போட்டதும் நன்றாக ஓடியது என்பது வேறு விஷயம். ரப்பருக்கு வயதாகும். முப்பது வருட டெக்கில் பெல்ட் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

டெக்கைத் தயார் செய்வது

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். கேசட்டுக்குக் கெட்ட பெயர் வந்ததே இங்கேதான்.

99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு புட்டியும் பஞ்சுக் குச்சிகளும் வாங்கிக்கொள்ளுங்கள். கேசட் கதவைத் திறந்தால் நடுவில் பளபளப்பாகத் தெரிவது ஹெட். அதன் பக்கத்தில் மெல்லிய இரும்புக் கம்பி, கேப்ஸ்டன். அதை அழுத்தி நிற்கும் கறுப்பு ரப்பர் உருளை, பின்ச் ரோலர். நாடாவை இழுப்பது இந்தக் கம்பியும் உருளையும் சேர்ந்துதான். மூன்றையும் துடையுங்கள். பஞ்சு பழுப்பாக வரும். அது நாடாவிலிருந்து உதிர்ந்த துருத்தூள். பஞ்சு வெள்ளையாக வரும்வரை குச்சி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ரப்பரை ஆல்கஹாலில் ஊறவிடாமல் லேசாகத் துடைத்தால் போதும். பத்து நிமிடம் உலரவிட்டு ஒரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். முன்பு போர்வைக்குள்ளிருந்து பாடிய மாதிரி இருந்த குரல், போர்வையை விலக்கிவிட்டு எதிரே வந்து உட்காரும்.

அடுத்தது ஹெட்டின் சாய்வு, அசிமுத் என்பார்கள். பதிந்தபோது ஹெட் நாடாவுக்கு எந்தக் கோணத்தில் நின்றதோ, பாடும்போதும் அதே கோணத்தில் நிற்க வேண்டும். மயிரிழை மாறினாலும் உயர் ஒலிகள் காணாமல் போகும். ஹெட்டின் பக்கத்தில் சின்ன திருகு ஒன்று இருக்கும். ஆம்ப்பை (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) மோனோவில், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி வைத்து, ஜால்ராவோ கிடாரோ நிறைய வரும் பாட்டைப் போட்டு, திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். எந்த இடத்தில் ஒலி மிகத் தெளிவாகத் திறக்கிறதோ அதுதான் அந்தக் கேசட்டுக்கான இடம். ஆரம்பத்தில் திருகு நின்ற நிலையை மார்க்கரால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். மூன்று ஹெட் டெக்கில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதில் பதியும் ஹெட்டும் பாடும் ஹெட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்க வேண்டியிருப்பதால், தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

கேசட்டையும் பாருங்கள். நாடாவுக்குப் பின்னால் சின்ன பஞ்சுத் துண்டு ஒரு செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும். பழைய பசை விட்டு அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாகவும் ஏற்ற இறக்கமாகவும் வரும். வருடக்கணக்கில் கிடந்த கேசட்டை உடனே ப்ளே செய்யாமல், ஒரு தடவை முழுதாக முன்னே ஓட்டி, திரும்பப் பின்னே ஓட்டிவிட்டுப் போடுங்கள். ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் தளர்ந்துவிடும்.

டால்பி பொத்தான் பற்றி ஒரு வார்த்தை. டால்பி பி என்பது பதியும்போது மெல்லிய உயர் ஒலிகளைத் தூக்கி, கேட்கும்போது அதே அளவு இறக்கி, நாடாவின் 'ஷ்ஷ்' இரைச்சலைச் சுமார் 10 டெசிபெல் குறைக்கும் முறை. உறையில் இரட்டை 'டி' அடையாளம் இருந்தால் பொத்தானை அழுத்துங்கள், இல்லாவிட்டால் அணைத்துவிடுங்கள். டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டுக்கு டால்பியைப் போட்டால் பாட்டு மங்கிப்போகும். அப்பாவின் திருச்சிக் கேசட்டுகளை நானே இரண்டு வருடம் அப்படித்தான் தவறாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டர்ன்டேபிளைத் தயார் செய்வது

இது அவ்வளவு வேலை வாங்காது. டர்ன்டேபிள் சாயாமல் சமமட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள், கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் வசதி போதும். ஸ்பீக்கர் வைத்த அதே மேசையில் டர்ன்டேபிளை வைக்காதீர்கள். ஊசியின் எடை எவ்வளவு என்று காட்ரிட்ஜோடு வந்த தாளில் இருக்கும். சாதாரணக் காட்ரிட்ஜ்களுக்கு அது ஒன்றரை கிராமிலிருந்து இரண்டரை கிராமுக்குள் வரும். சின்ன டிஜிட்டல் எடைக்கருவி வாங்கி அளந்து வையுங்கள். எடை குறைந்தால் தட்டு பாதுகாப்பாக இருக்கும் என்று சிலர் குறைத்து வைப்பார்கள். அது தவறு. லேசான ஊசி பள்ளத்தில் சரியாக உட்காராமல் துள்ளி, சுவரில் மோதித்தான் தட்டைக் கெடுக்கும்.

வேகத்தைச் சரிபார்க்க வீட்டிலேயே ஒரு வழி. தட்டின் ஓரத்தில் சின்ன காகிதத் துண்டு ஒட்டி, மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியாக நூறு சுற்று வர வேண்டும். டெக்கின் வேகத்துக்கு, அதே பாட்டு தட்டில் எத்தனை நிமிடம், கேசட்டில் எத்தனை நிமிடம் என்று கைப்பேசியில் நேரம் பிடியுங்கள். நாலு நிமிடப் பாட்டில் ஐந்து நொடி வித்தியாசம் வந்தால் வேகம் இரண்டு சதவீதம் தவறுகிறது. ஆறு சதவீதம் போனால் பாட்டு அரைக் கட்டை ஏறியோ இறங்கியோவிடும். பாடத் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

தட்டை ஒவ்வொரு தடவையும் கார்பன் பிரஷ்ஷால் துடையுங்கள். அழுக்கு அதிகம் என்றால், வாலை வடிநீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே மெல்லத் துடைத்து, வெறும் வடிநீரால் அலசி உலரவிடலாம். நடுவில் இருக்கும் லேபிளில் தண்ணீர் படக்கூடாது. தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டு இருந்தால் அதற்கு ஆல்கஹால் ஆகவே ஆகாது, ஊசியும் வேறு. அதை இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம்.

இணைப்பதும் சத்தத்தைச் சமன் செய்வதும்

இரண்டு கருவியும் ஒரே ஆம்ப், ஒரே ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். டெக்கை 'டேப்' அல்லது 'ஆக்ஸ்' துளையில் செருகுங்கள். டர்ன்டேபிள் போனோ துளைக்கோ தனி போனோ ப்ரீஆம்ப்புக்கோ போக வேண்டும். காட்ரிட்ஜ் தரும் மின்சாரம் வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். அதைப் பெரிதாக்குவது போனோவின் ஒரு வேலை. இன்னொன்றும் உண்டு. தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பள்ளம் அகன்று பாட்டுக்கு இடம் போதாது. மடித்து வைத்த சேலையை விரிப்பதுபோல அதைப் பழையபடி விரித்துக் கொடுப்பதும் போனோதான். 1954ல் இருந்து இதற்கு ஆர்ஐஏஏ என்ற ஒரே அளவு முறை இருக்கிறது. டர்ன்டேபிளோடு வரும் எர்த் ஒயரை ஆம்ப்பின் திருகில் மாட்ட மறந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் ஓயாமல் கேட்கும்.

புளூடூத் ஸ்பீக்கரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஒலியைச் சுருக்கி அனுப்புவதால், நாம் தேடுகிற நுணுக்கங்களே போய்விடும்.

இப்போது முக்கியமான படி. கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எதுவோ அதைத்தான் காது 'நல்லது' என்று சொல்லும். ஒரு டெசிபெல் வித்தியாசமே தீர்ப்பை மாற்றிவிடும். கைப்பேசியில் இலவச ஒலி அளவுமானி ஒன்றைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, அதே பாட்டின் அதே பல்லவியை இரண்டிலும் அளந்து பாருங்கள். ஆம்ப்பின் குமிழ் தட்டுக்கு எங்கே, கேசட்டுக்கு எங்கே என்று காகித டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டால் மாற்றி மாற்றிக் கேட்பது எளிது.

எந்தப் பாட்டு?

எக்கோ, இன்ரெக்கோ, எச்எம்வி வெளியிட்ட தமிழ்ப் படப் பாட்டுகள் தட்டாகவும் கேசட்டாகவும் வந்தன. ஒரே நிறுவனத்தின் ஒரே காலத்து இரண்டையும் தேடுங்கள். அண்மையில் புதிதாக அச்சிட்ட எல்பியையும் 1985 கேசட்டையும் பக்கத்தில் வைத்தால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு ஒலிப்பொறியாளர்களின் ரசனையைத்தான்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் விற்ற கேசட்டுகளைப் பெரும்பாலும் சாதாரண வேகத்தைவிடப் பல மடங்கு விரைவாக ஓட்டி மொத்தமாகப் பிரதி எடுத்தார்கள், அதுவும் மலிவான நாடாவில். அந்தக் கேசட் மங்கலாகப் பாடினால் குற்றம் பிரதி எடுத்த முறையுடையது. நாடாவால் என்ன முடியும் என்று அது சொல்லாது.

எனவே நான் எல்லாருக்கும் சொல்லும் வழி இதுதான்: உங்கள் எல்பியை நீங்களே ஒரு புதுக் கேசட்டில் பதியுங்கள். மேக்ஸல் யூஆர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 60 நிமிடக் கேசட் எடுங்கள். 90ன் நாடா அதைவிட மெல்லியது, 120 இன்னும் மெல்லியது, சிக்கிக்கொள்ளும். பதிவு அளவை, சத்தமான இடங்களில் டெக்கின் ஒலி அளவு காட்டும் முள் பூஜ்யத்தைத் தொட்டுக் கொஞ்சம் தாண்டுகிற மாதிரி வையுங்கள். மிகக் குறைத்தால் இரைச்சல் மேலே வரும், மிகக் கூட்டினால் சலங்கை ஒலி நசுங்கும்.

மூன்று ஹெட் டெக்கின் அருமை இங்கேதான் தெரியும். அதில் பதியும் ஹெட்டும் பாடும் ஹெட்டும் தனித்தனி என்பதால், பதிந்துகொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானைத் தட்டி 'சோர்ஸ்', 'டேப்' என்று மாற்றி மாற்றிக் கேட்கலாம். சோர்ஸ் என்றால் தட்டிலிருந்து நேராக வருவது. டேப் என்றால் இப்போதுதான் நாடாவில் ஏறி, ஒரு நொடிக்குள் திரும்பி வருவது. பாட்டு ஒன்று, ஊசி ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று. நாடா சேர்த்ததும் எடுத்ததும் மட்டும் தனியாகக் காதில் விழும்.

இப்படி ஒரு மாலை, வயலின் கற்கும் என் தம்பி மகளை முதுகு காட்டி உட்கார வைத்துப் பொத்தானை மாற்றிக்கொண்டே இருந்தேன். தபேலாவும் வயலின் கூட்டமும் சேர்ந்த இடையிசையில் அவளால் சொல்ல முடியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே பெரியப்பா?" என்றாள். தம்புராவும் குரலும் மட்டும் வரும் தொடக்கத்தில் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னாள். எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "டேப்ல தம்புரா லேசா நடுங்குது." அதுதான் விஷயம்.

என்னென்ன கேட்க வேண்டும்

கேட்பதற்கு முன் மின்விசிறியை அணையுங்கள். நம் வீடுகளில் விசிறி ஓடும்போது கேசட்டின் இரைச்சல் அதில் கரைந்துவிடும், பிறகு இரைச்சலே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் வியர்த்தால் பரவாயில்லை.

பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அமைதியைக் கேளுங்கள். நாடாவில் மெல்லிய மழை மாதிரி ஒரே சீரான 'ஷ்ஷ்' இருக்கும். தட்டில் அமைதிக்கு நடுவே 'டக்', 'சட்' என்று அங்கொன்றும் இங்கொன்றும் வரும், அடியில் லேசான உறுமலும் இருக்கும். என் காது சீரான மழைக்கு இரண்டு நிமிடத்தில் பழகிவிடுகிறது. எதிர்பாராத 'டக்'குக்குப் பழகுவதே இல்லை. உங்களுக்கு நேர்மாறாக இருக்கலாம்.

அடுத்து சுருதி. நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையோ புல்லாங்குழலோ தம்புராவோ வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். டெக்கில் நடுக்கம் விரைவாக, சின்னதாக இருக்கும். அது நாடாவை இழுக்கும் உருளை, பெல்ட் ஆகியவற்றின் வேலை. தட்டில் சுருதி மெல்ல ஊஞ்சல் ஆடினால் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்கு 1.8 நொடி என்றால், தட்டின் ஓட்டை நடுவில் இல்லை என்று பொருள். தட்டு ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அதுதான். நல்ல தட்டு, நல்ல டர்ன்டேபிள் என்றால் சுருதி விஷயத்தில் இசைத்தட்டு தெளிவாக ஜெயிக்கிறது. வீணைக் கச்சேரியை நான் கேசட்டில் கேட்பதை நிறுத்தியதே இதனால்தான்.

பிறகு உயர் ஒலிகள். 'ச', 'ஸ' வரும் சொற்கள், ஜால்ரா, சலங்கை. எல்பியின் முதல் பாட்டில் இவை காற்றோட்டமாக, தனித்தனியாக நிற்கும். அதே பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு ஊசியை நகர்த்திக் கேளுங்கள். 50 சென்டிமீட்டர் 20 ஆகும் கணக்கு இப்போது காதில் கேட்கும். பாடகியின் 'ஸ' கொஞ்சம் கிழியும், ஊசி சாதாரண வகையென்றால் நன்றாகவே கிழியும். நல்ல டெக்கில் பதிந்த கேசட் அங்கே மென்மையாக, ஒழுங்காகப் பாடும். உச்சியில் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் கிழிசல் இல்லை. "தட்டு எப்போதும் உசத்தி" என்று முடிவு கட்டியவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் கடைசிப் பாட்டைத்தான்.

45 சுற்று இபி கிடைத்தால் கட்டாயம் கேளுங்கள். பழைய தமிழ்ப் படங்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு பாட்டாக வந்த சின்னத் தட்டுகள் அவை. வேகம் கூடுதல் என்பதால் குரல் முன்னால் வந்து நிற்கும்.

தாழ்ந்த ஒலியில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. தவிலின் தொப்பிப் பக்கம் கேசட்டில் ஒரு சுற்றுப் பருமனாக, தட்டில் இறுக்கமாக ஒலிக்கும். ரசனையைப் பொறுத்தது.

ஈரமும் வெயிலும்

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். இரண்டுக்கும் எதிரி அதுதான், கேசட்டுக்குக் கூடுதலாக. கேசட்டின் நடுவில் உள்ள சின்னச் சன்னல் வழியே நாடாச் சுற்றைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போடவே போடாதீர்கள், ஹெட் வழியாக மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். கேமரா வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்றை வாங்கி, 40 முதல் 50 சதவீதத்தில் வைத்து, முக்கியமான கேசட்டுகளை அதில் அடுக்கியிருக்கிறேன். தட்டுகளைச் செங்குத்தாக, நெருக்காமல் நிறுத்துங்கள். மேற்கு வெயில் விழும் சன்னலோரம் வேண்டாம், ஒரே மாலையில் தட்டு வளைந்துவிடும்.

எதில் தொடங்குவது

வீட்டில் கேசட் இல்லை, புதிதாகச் சேர்க்கப் போகிறீர்கள், ஒலிதான் முக்கியம் என்றால் டர்ன்டேபிள் வாங்குங்கள். கருவியும் உதிரியும் புதிதாகக் கிடைக்கின்றன, சுருதியும் உயர் ஒலியும் நன்றாக இருக்கின்றன. பெற்றோர் வைத்துவிட்டுப் போன கேசட்டுகள் இருந்தால், யோசிக்காமல் நல்ல டெக் ஒன்றை முதலில் தேடுங்கள். தட்டு இன்னும் பல வருடம் காத்திருக்கும், நாடா அப்படியில்லை. அதோடு, தட்டில் என்றைக்கும் கிடைக்காத ஒன்று அந்தக் கேசட்டுகளுக்கு நடுவே கலந்து கிடக்கலாம்.

எங்கள் பிஸ்கட் டின்னின் அடியில் உறையில்லாத ஒரு கேசட் இருந்தது. கடிதம் எழுதத் தெரியாத அப்பாயி, 1980களில் ஊரிலிருந்து பேசி அனுப்பியது. காக்கை கரைகிறது, பின்னால் யாரோ வாளியைக் கிணற்றில் இறக்குகிறார்கள், அப்பாயி என் அப்பாவைப் பெயர் சொல்லி, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்கிறார். இரைச்சல் நிறைய. நடுக்கமும் உண்டு. அதை எதோடும் நான் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், அதை வைத்து டெக்கைச் சோதிக்காதீர்கள். வேறு கேசட்டில் எல்லாம் சரிபார்த்த பிறகு ஒரே தடவை ஓட்டி, டெக்கிலிருந்து யுஎஸ்பி ஆடியோ கருவி வழியாகக் கணினிக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்து, இரண்டு இடத்தில் சேமியுங்கள். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. நாடா தெரியும் விளிம்பு கீழே இருக்க, ஏ பக்கம் உங்களைப் பார்க்கும்படி கேசட்டைப் பிடியுங்கள். மேல் விளிம்பின் இடது மூலையில் சின்ன பிளாஸ்டிக் தாவல் இருக்கும், அது ஏ பக்கத்துக்கு. வலது மூலையில் இருப்பது பி பக்கத்துக்கு. இரண்டையும் சின்ன ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிட்டால், தப்பித் தவறி யாராவது ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அந்தக் குரல் அழியாது. இன்றைக்கே அதைச் செய்துவிட்டு, அப்புறம் டெக் தேடப் போங்கள்.